அந்தப் பன்னிரண்டு பேருக்கு என்ன புற்றுநோய்?

டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை மருந்துக் கடையில் கேட்பது நம் ஊரில் சகஜம். கவுன்டருக்குப் பின்னால் நிற்கிற மருந்தாளுநர் என்ற முறையில் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "சார், கேன்சருக்குப் புதுசா மருந்து கண்டுபிடிச்சிட்டாங்களாமே, நம்ம ஊருக்கு எப்ப வரும்?" கேட்கும்போதே போனை நீட்டிவிடுவார்கள். திரையில் ஒரு தலைப்பு இருக்கும், ஊசியின் படம் ஒன்று இருக்கும், "அனைவருக்கும் பகிருங்கள்" என்றும் இருக்கும்.

வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது வருகிற கேள்வி அது. அதனால் "இதெல்லாம் சும்மா" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. பல நேரம் அது சும்மாவும் இல்லை. செய்தி உண்மையாகவே இருக்கும். அதில் ஒரு சொல் மட்டும் விட்டுப்போயிருக்கும். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

2022 ஜூன் மாதம் வந்த செய்தியை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் இருக்கும் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் டோஸ்டார்லிமாப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். சிகிச்சையை முடித்த அத்தனை பேருக்கும் கட்டி மறைந்துவிட்டது. "வரலாற்றில் முதல்முறை", "புற்றுநோய்க்கு முடிவு" என்று தமிழ்ச் சேனல்களும் யூடியூப்களும் இரண்டு நாள் கொண்டாடின. அது பொய்யில்லை. ஆய்வு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. மருத்துவ உலகம் மிக உயர்வாக மதிக்கும் இதழ்களில் ஒன்று. சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் ஸ்கேனில், எண்டோஸ்கோப்பியில், பயாப்ஸியில் கட்டியின் தடயமே இல்லை. அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மலக்குடல் புற்றுநோய்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, வயிற்றில் பை கட்டிக்கொண்டு வாழும் ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பன்னிரண்டு பேருக்கும் மலக்குடல் புற்றுநோய்தான். இரண்டாம், மூன்றாம் நிலையில் இருந்தது. உடம்பின் வேறு பாகங்களுக்குப் பரவவில்லை. அதோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. செல் இரண்டாகப் பிரியும்போது டிஎன்ஏவை நகலெடுப்பதில் பிழைகள் வரும். அவற்றைத் திருத்துவதற்கென்றே சில புரதங்கள் நம் உடம்பில் இருக்கின்றன. அந்தத் திருத்தும் வேலை நின்றுபோன கட்டிகளை மருத்துவர்கள் 'எம்எம்ஆர் குறைபாடு' உள்ளவை என்பார்கள். திருத்தாமல் விட்ட பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிவதால், நோய் எதிர்ப்புச் செல்களுக்கு அந்தக் கட்டி அந்நியமாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆனாலும் பிடி-1 என்ற பிரேக் அவற்றை நிறுத்தி வைத்திருக்கும். டோஸ்டார்லிமாப் செய்வது அந்தப் பிரேக்கை விடுவிப்பது. பிழை குவிந்த கட்டி என்றால் பிரேக் விட்டதும் வேலை நடக்கும். இல்லையென்றால் மலக்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் எதுவும் நடக்காது. மலக்குடல் புற்றுநோய்களில் இப்படிப்பட்டவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான்.

செய்தியில் விட்டுப்போனது இந்த 'எம்எம்ஆர்' என்ற சொல்தான். விளைவு இரண்டு பக்கமும் நடந்தது. அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்ன ஒருவர், ஊரில் இருக்கிற நிலத்தை விற்றால் அந்த ஊசி வாங்கிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். கணையப் புற்றுநோயில் இந்தக் குறைபாடு மிக அரிது. முதலில் அந்தச் சோதனையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், நிலத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்றேன். இன்னொரு பக்கம், மலக்குடல் புற்றுநோயோடு இருக்கும் எத்தனையோ பேர் அந்தச் செய்தியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தகவல். பயாப்ஸிக்காக ஏற்கெனவே எடுத்த அதே சதைத் துணுக்கிலேயே எம்எம்ஆர் சோதனையைச் செய்துவிடலாம். எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்று நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கிற சோதனை அது. நம் பெரிய மருத்துவமனைகளிலும் நகரத்துப் பரிசோதனைக் கூடங்களிலும் செய்கிறார்கள். இத்தனை மணி நேர ஒளிபரப்பில் இதை ஒரு வரி சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் டாக்டரிடம் போய்க் கேட்டிருப்பார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

2022இல் இன்னொரு கேள்விக்கும் விடை தெரியாது. கட்டுரை வெளியானபோது சிலரைச் சிகிச்சைக்குப் பின் கண்காணித்திருந்தது ஆறு மாதம்தான். அதிகபட்சம் 25 மாதம். நோய் திரும்புமா என்று சொல்ல அது போதாது. அதனால் அதே இதழில் எழுதிய நிபுணரும், நம்பிக்கை பெரிது, ஆனால் இப்போதுள்ள சிகிச்சைக்குப் பதிலாக இதை வைக்க இன்னும் நேரம் வரவில்லை என்ற பொருளில்தான் எழுதினார். 2025இல் அதே குழு விரிவான முடிவை வெளியிட்டது. மலக்குடல் புற்றுநோயில் சிகிச்சையை முடித்த 49 பேருக்கும் கட்டி மறைந்திருந்தது. இதே குறைபாடு கொண்ட வேறு உறுப்புகளின் கட்டிகளில் 54 பேரில் 35 பேருக்கு மறைந்திருந்தது. ஆக, அந்தப் பன்னிரண்டு வெறும் அதிர்ஷ்டம் இல்லை. நல்ல மருந்துதான், சரியான ஆளுக்குக் கொடுத்தால்.

புற்றுநோயைக் குணமாக்கும் என்று சொல்லப்படும் முள் சீத்தா மரத்தின் கதை வேறு. "கீமோவை விடப் பத்தாயிரம் மடங்கு சக்தி" என்ற வரி உங்கள் குடும்பக் குழுவிலும் ஒரு முறையாவது வந்திருக்கும். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அதுவும் கற்பனை இல்லை என்று தெரிகிறது. 1996இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முள் சீத்தாவின் விதையிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் குடல் புற்றுநோய்ச் செல்களில் ஒரு வகையின் மேல், அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு வகைச் செல்லில், அந்த ஒரு மருந்தைவிட, அந்த ஒரு வேதிப்பொருள் 10,000 மடங்கு வீரியமாக இருந்தது. விட்டுப்போன சொற்கள்: 'விதை', 'கண்ணாடித் தட்டு'. நம் ஊரில் குடிப்பது இலைக் கஷாயம். தட்டில் இருக்கும் செல்லுக்கு வயிறும் கிடையாது, கல்லீரலும் கிடையாது, பக்கத்தில் காப்பாற்றவேண்டிய நல்ல செல்லும் கிடையாது. தட்டில் செல்லைக் கொல்லும் பொருட்கள் ஏராளம். மனிதரிடம் சோதிக்கும் கட்டத்தை எட்டிய புற்றுநோய் மருந்துகளிலேயே சுமார் இருபதில் ஒன்றுதான் கடைசியில் அனுமதி பெறுகிறது. முள் சீத்தா அப்படி எந்த அனுமதியும் பெற்றதில்லை. போதாததற்கு, கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் நெடுநாள் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சனைப் போன்ற ஒரு நரம்பு நோய் அதிகம் காணப்பட்டதாக 1999இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. இதுவே காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் 'பக்க விளைவே கிடையாது' என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்பதற்கு அது போதும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, தமாக்சிஃபென் மாத்திரையில் இருந்தார். கொஞ்ச நாளாகக் கடைக்கு வரவே இல்லை. ஒருநாள் பேரனுக்கு இருமல் மருந்து வாங்க வந்தவரிடம் கேட்டேன்.

"என்னக்கா, மாத்திரை தீர்ந்திருக்குமே?"

"அத விட்டுட்டேன் தம்பி. இப்ப முள் சீத்தா இலை கொதிக்க வச்சுக் குடிக்கிறேன். அதுல ஒரு தொந்தரவும் இல்ல."

"மாத்திரையில என்ன தொந்தரவு?"

சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். ராத்திரியில் திடீர் திடீரென்று உடம்பெல்லாம் அனல் அடிக்கிறதாம், நைட்டி நனைந்துபோகும் அளவுக்கு வேர்வையாம், தூக்கமே இல்லையாம். "டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்றேன். "ஆம்பள டாக்டர், இதெல்லாம் எப்படித் தம்பி சொல்றது?"

தமாக்சிஃபெனின் கணக்கை அவரிடம் சொன்னேன். ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயில் இதை ஐந்து ஆண்டு சாப்பிட்டால், ஆரம்பித்ததிலிருந்து பதினைந்து ஆண்டில் அந்த நோயால் இறக்கும் அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 20 ஆய்வுகளில் 21,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து கண்டது இது. ஒரு பக்கம் பத்தாயிரம் மடங்கு, இன்னொரு பக்கம் மூன்றில் ஒரு பங்கு. கேட்பதற்கு எது பெரிதாகத் தெரியும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் முதலாவது தட்டில் இருந்த செல், இரண்டாவது உயிரோடு வீடு திரும்பிய பெண்கள். அக்காவின் மகள் அடுத்த வாரமே அவரை அழைத்துப் போனார். அனலுக்கு டாக்டர் வழி சொன்னார். மாத்திரை மறுபடி ஆரம்பமானது. ஃபார்வர்டு மெசேஜ் ஜெயிக்கும் இடங்கள் பல இப்படித்தான் இருக்கின்றன: யாரிடமும் சொல்லாத ஒரு உடல் தொந்தரவு அங்கே முன்கூட்டியே இருக்கிறது. வீட்டுக்காரர்கள் மெசேஜோடு சண்டை போடுவதற்கு முன்னால் அதை விசாரிக்கலாம்.

சதவீதம் வரும் இடத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். மாடர்னாவும் மெர்க்கும் சேர்ந்து தயாரித்த எம்ஆர்என்ஏ தடுப்பூசி மெலனோமா என்ற தோல் புற்றுநோய் திரும்புவதையும் மரணத்தையும் 44 சதவீதம் குறைத்தது என்று செய்தி வந்தது. அதுவும் உண்மை. ஆய்வில் இருந்தவர்கள் 157 பேர். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. எல்லோருக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தும் உண்டு. அதை மட்டும் பெற்றவர்களில் பதினெட்டு மாதம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 62 பேர். தடுப்பூசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 79 பேர். அதாவது நூறு பேரில் பதினேழு பேருக்குக் கூடுதல் பலன். இது நல்ல முன்னேற்றம். பெரிய ஆய்வு செய்து பார்க்கத் தகுந்தது. ஆனால் '44 சதவீதம்' என்று கேட்டதும் நம் மனம் போடும் கணக்கு வேறு. 'நூறு பேரில் எத்தனை பேர், எத்தனை மாதத்தில்' என்று கேட்டால் கணக்கு தானாக நேராகிவிடும். ரஷ்யாவில் தடுப்பூசி தயார், இலவசமாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று 2024 டிசம்பரில் சுற்றிய செய்திக்கு இந்தக் கேள்வியைப் போடவே முடியாது. அந்த அறிவிப்போடு மனிதர்களிடம் செய்த ஆய்வின் முடிவு எதுவும் வரவில்லை.

கட்டி சுருங்குவதும் ஆயுள் நீள்வதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெவாசிசுமாப் மருந்துக்கு 2008இல் அமெரிக்காவில் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு விரைவு அனுமதி கிடைத்தது. நோய் முற்றாமல் இருக்கும் காலம் ஒரு ஆய்வில் சுமார் ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாகக் கூடியிருந்தது. அடுத்து வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் சுருங்கியது. ஆயுள் எதிலுமே கூடவில்லை. 2011 நவம்பரில் மார்பகப் புற்றுநோய்க்கான அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. குடல் புற்றுநோய் உட்பட வேறு சிலவற்றில் அதே மருந்து இன்றும் பயன்படுகிறது.

இதையெல்லாம்விட என்னை அதிகம் பாதித்தது 1990களின் ஒரு கதை. பரவிய, அல்லது திரும்பும் அபாயம் அதிகமுள்ள மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவில் கீமோ கொடுத்து, அதனால் அழியும் எலும்பு மஜ்ஜைக்குப் பதிலாக அந்தப் பெண்ணிடமிருந்தே முன்பு எடுத்து வைத்ததைத் திருப்பிச் செலுத்துவது. மருந்து கூடினால் பலன் கூடும் என்ற எண்ணம் அறிவுக்கு ஒத்ததாகத்தான் இருந்தது. ஆரம்ப முடிவுகளும் பழைய நோயாளிகளோடு ஒப்பிட்டபோது மிக நன்றாக இருந்தன. பெண்கள் கேட்டார்கள், மருத்துவர்கள் நம்பினார்கள், காப்பீடு மறுத்த நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டு வென்றார்கள். பல்லாயிரம் பெண்கள் அந்தக் கடும் சிகிச்சைக்கு உட்பட்டார்கள். சிகிச்சையாலேயே இறந்தவர்களும் உண்டு.

ஒப்பீட்டில்தான் ஓட்டை இருந்தது. இவ்வளவு கடுமையான சிகிச்சையைத் தாங்க, வயது குறைந்தவர்களை, இதயமும் நுரையீரலும் நன்றாக இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்து, மறைவாக நோய் பரவியவர்களை நீக்கினார்கள். மிஞ்சியவர்கள் எந்தச் சிகிச்சை எடுத்தாலும் மற்றவர்களைவிட நன்றாகவே இருந்திருப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டது போல இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகள் 1999இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டில் வந்தபோது, நான்கில் பலன் தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோதா ஒருவர் மட்டும் பெரிய பலன் என்றார். அமெரிக்காவிலிருந்து ஒரு குழு ஜோகன்னஸ்பர்க்குக்கே போய் அவருடைய பதிவேடுகளைப் பார்த்தது. 2000இல் மோசடி வெளிப்பட்டது. ஏமாற்றியது ஒருவர்தான்; மற்ற எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் நம்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் முன்பே நம்பிவிட்டார்கள். அதனால்தான் 'எதோடு ஒப்பிட்டார்கள்?' என்ற கேள்வியை நான் விடுவதே இல்லை.

தனி மனிதர் கதைகளுக்கும் இது பொருந்தும். 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தம் மனைவியின் நான்காம் நிலைப் புற்றுநோய் வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சை, உணவுக் கட்டுப்பாட்டால் நாற்பது நாளில் நீங்கியது என்ற வகையில் பேசினார். நாடெங்கும் அந்த வீடியோ ஓடியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு, இதற்கு ஆதாரமில்லை, சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். அந்த அம்மையார் அறுவை சிகிச்சையும் கீமோவும் எடுத்தவர். வீடியோவைப் பகிர்ந்த பலருடைய பதிவில் அது இல்லை.

இனி, கொண்டாடப்படாத ஒன்று. அதே டாடா மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்காரர்களிடம் நிவோலுமாப் மருந்தை 20 மில்லிகிராம் அளவில், மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு 240. புகையிலையால் வாய்ப் புற்றுநோய் வருகிற நம் மக்களில் முழு அளவை வாங்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. குறைந்த அளவே பலன் தருமா என்ற கேள்வி அதனால் எழுந்தது. 151 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். விலை குறைந்த மாத்திரைகளை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதம். அதோடு அந்தக் குறைந்த அளவு நிவோலுமாபும் பெற்றவர்களில் 43 சதவீதம். இது முழு அளவோடு ஒப்பிட்ட ஆய்வு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான நல்ல செய்தியை நான் சமீபத்தில் படித்ததில்லை. யாரும் இதை எனக்கு ஃபார்வர்டு செய்யவில்லை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயிலும் இப்படித்தான். 1980களில் தொடங்கி அடையாறு புற்றுநோய் நிலையம், டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றின. நான்கு ஆண்டுக்குப் பிறகும் நோயின்றி இருந்த பிள்ளைகள் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு என்ற நிலை மாறி 45 முதல் 60 வரை உயர்ந்தது. அதிசய மருந்து எதுவும் அதில் இல்லை. இருக்கிற மருந்துகளை ஒரு ஒழுங்கில், விடாமல் கொடுத்தார்கள்.

பணம் கேட்பவர்களைப் பற்றி ஒன்று. 'ஆராய்ச்சியில் இருக்கிற மருந்து, நமக்கு மட்டும் கிடைக்கும்' என்று சொல்லி லட்சக்கணக்கில் யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் கொடுப்பார்கள். ஆய்வால் பாதிப்பு வந்தால் இழப்பீடு தர வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன. இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருத்துவ ஆய்வும் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம், கட்டணம் இல்லை. பதிவு எண்ணைக் கேளுங்கள். புற்றுநோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், அடுத்த முறை ஒரு புது மருந்துச் செய்தி கண்ணில் பட்டதும் அதை அழிக்கவும் வேண்டாம், பகிரவும் வேண்டாம். மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, எந்த உறுப்பு, எந்த நிலை, எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு என்ற நான்கையும் கீழே எழுதி, டாக்டரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோங்கள். "எங்களுக்கு இது பொருந்துமா?" என்று தயங்காமல் கேளுங்கள், அவருக்கு அது பழகிய கேள்விதான். அவர் பதில் சொல்லும் வரை, இப்போது சாப்பிடுகிற மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.